கடலுக்குள் நின்று எடுத்த குடும்பப் படம்

லென்ஸ் எவ்வளவு நீளமோ அவ்வளவு மரியாதை என்று நம்பும் போட்டோகிராபர்கள் உலகில் உண்டு. செங்கல்பட்டில் அப்படி ஒருத்தி இருந்தாள். (நான்தான்.)

முதல் கல்யாண ஆர்டர், கோவளத்தில் மும்தாஜ் அம்மாவின் பெரிய மகளுக்கு. பெண்கள் பக்கம் படமெடுக்கப் பெண்தான் வேண்டும் என்று தேடி என்னைப் பிடித்திருந்தார்கள். வாடகைக்கு எடுத்த வெள்ளை டெலி லென்ஸைக் கைக்குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு போனேன். சொந்தமாக இருந்த சின்ன வைடு லென்ஸ் பார்க்க ஊறுகாய் பாட்டில் மூடி மாதிரி இருந்ததால், அதை வீட்டிலேயே விட்டுவிட்டேன்.

மணப்பெண்ணின் முகம், மருதாணிக் கை, காதுத் தொங்கல் எல்லாம் அற்புதமாக வந்தன. நிக்காஹ் முடிந்ததும் மும்தாஜ் அம்மா என்னிடம் வந்தார். காலையிலிருந்து அழுத கண்.

"மொத்த குடும்பத்தையும் ஒரே படத்துல புடிம்மா. பெரியவன் சாயங்காலம் துபாய் போறான். இனிமே எப்ப எல்லாரும் ஒண்ணா நிக்கப் போறோம்? ஒருத்தர் வுட்டுப்போனாலும் வூட்ல பேஜாராயிடும்."

கூடத்தில் எல்லாரையும் நிறுத்தி லென்ஸ் வழியாகப் பார்த்தேன். ஒரு மூக்கு தெரிந்தது. பின்னால் நகர்ந்தேன், இரண்டு மூக்கு. டெலி லென்ஸ் தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுத்துத்தான் கொடுக்கும், கூட்டத்தை அள்ளிக் கொடுப்பது வைடு லென்ஸ் என்பது அப்போதுதான் உறைத்தது. முதுகு சுவரில் இடித்தது.

"வெளிச்சம் பத்தலம்மா, வெளிய போயிடலாம்" என்று கூசாமல் புளுகினேன். வீட்டுக்குப் பின்னால்தான் கடல். எல்லாரையும் பின்சுவரை ஒட்டி வரிசையாக நிறுத்திவிட்டு, பின்பக்கமாகவே நடந்தேன். மணல் முடிந்துவிட்டது. இரண்டு மாமாக்கள் இன்னும் பிரேமுக்கு வெளியே நின்றார்கள். தண்ணீரில் இறங்கினேன்.

மணப்பெண்ணின் அண்ணன் கையைக் குவித்துக் கத்தினார்: "அக்கா, படம் புடிக்கிறியா, சிலோனுக்குப் போய்க்கினு கீறியா?"

கடைசி மாமா பிரேமுக்குள் வந்த நொடியில் பின்னாலிருந்து ஓர் அலை. பொத்தென்று உட்கார்ந்தேன். கழுத்துவரை கடல், தலைக்கு மேல் இரண்டு கையிலும் கேமரா. தட்டுத்தடுமாறி எழுந்து பார்த்தால், குடும்பமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறது. மும்தாஜ் அம்மா மகனின் தோளில் சாய்ந்து விழுந்து விழுந்து சிரிக்கிறார். அழுத்தினேன்.

அந்தப் படம் இன்று அவர்கள் கூடத்துச் சுவரில் பாதியை அடைத்துக்கொண்டிருக்கிறது. ஒருத்தர்கூட விறைப்பாக இல்லை, ஒருத்தர்கூட விட்டுப்போகவில்லை. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அதன்பிறகு அந்தக் குடும்பத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் நான்தான்.

போன மாதம் சின்ன மகளின் கல்யாணம். கூடத்தில் வைத்தே எல்லாரையும் எடுத்துவிடலாம் என்று என் புது வைடு லென்ஸைப் பெருமையாக வெளியே எடுத்தேன். மும்தாஜ் அம்மா பதறிவிட்டார்.

"அத்த உள்ள வைம்மா! நம்ம வூட்டு மொறைன்னு ஒண்ணு கீதில்ல? மொதல்ல போய் தண்ணில எறங்கு!"