தக்காளி மகானின் ரீங்காரம்

ஞாயிற்றுக்கிழமை பொழுது விடிவதற்குள் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டை மாடியில் நிற்க இடமில்லை. ஆளாளுக்குச் செடித் தொட்டியை வைத்து வரிசை பிடித்திருந்தார்கள். லிஃப்டில் மனிதர்களைவிடத் தக்காளிச் செடிகள்தான் அதிகம் ஏறி வந்தன. தக்காளி மகான் வருகிறார் என்றால் சும்மாவா?

அந்தக் கோடையில் வெயில் ஈவிரக்கமில்லாமல் கொளுத்தியது. வீட்டுத் தோட்டக்காரர்களின் செடிகள் தளதளவென்று வளர்ந்தன, மஞ்சள் மஞ்சளாகப் பூத்தன, பூத்தவையெல்லாம் காம்போடு கொட்டின. பேருக்குக்கூட ஒரு காய் இல்லை. "உரம் பத்தலையோ?" என்றார் ஒருவர். "வெயில்தான் காரணமோ?" என்றார் இன்னொருவர். இப்படியே கொஞ்ச நேரம் யோசித்திருந்தால் உருப்பட்டிருப்பார்கள். அதற்குள் யாரோ மகானைக் கூட்டிவந்துவிட்டார்கள்.

பச்சைச் சால்வை, பச்சை மூக்குக் கண்ணாடி, கையில் பட்டுத்துணி சுற்றிய ஒரு கோல். "செடியைக் கண்ணு தின்னுது" என்று ஒரே வரியில் நோயைச் சொல்லிவிட்டார் மகான். கோலைப் பூக்கொத்தின் மேல் வைத்து, கண்ணை மூடி, "ம்ம்ம்ம்" என்று ரீங்காரம் செய்தார். கோல் நடுங்கியது. பூ நடுங்கியது. பக்கத்தில் நின்ற ஓய்வுபெற்ற வங்கி மேலாளரும் நடுங்கினார்.

வேடிக்கை என்னவென்றால், அடுத்த ஞாயிறு பார்த்தால் பல தொட்டிகளில் மிளகு அளவுக்குப் பச்சைக் காய்! அப்புறம் கேட்க வேண்டுமா? வேலை பார்த்த காலமெல்லாம் ஜாமீன் இல்லாமல் யாருக்கும் கடன் கொடுக்காத அந்த மேலாளர், மகானிடம் ஒரு கேள்விகூடக் கேட்காமல் காணிக்கை உறையை நீட்டினார்.

ஒரே ஒரு வீட்டுச் செடிகள் மட்டும் மகானுக்கு அடங்கவில்லை. அவை மாடியின் மேற்குச் சுவரை ஒட்டி இருந்தன. மதியத்தில் அந்தச் சுவரில் கை வைத்தால் கை பொத்துப் போகும். கோல் எத்தனை முறை நடுங்கியும் பூ கொட்டியது கொட்டியதுதான். மகான் தோற்கலாமா? தோற்றால் அதற்கு வேறு யாராவது காரணமாக இருக்க வேண்டாமா?

மகான் அந்த வீட்டு அம்மாளைக் கூப்பிட்டார். "வீட்டுல கல்யாணமாகிக் குழந்தை இல்லாதவங்க யாராவது இருக்காங்களா?"

அம்மாள் தன் மருமகளைத் திரும்பிப் பார்த்தாள். மாடியே திரும்பிப் பார்த்தது.

"அந்தக் கண்ணுதான்" என்றார் மகான். "கோடை முடியிற வரைக்கும் இந்தப் பொண்ணு உங்க வீட்டுல இருக்கக் கூடாது. இருந்தா செடியோட போகாது, குடும்பத்தையே புடிக்கும்."

விதை போட்டவள் அந்த மருமகள். நாற்று நட்டவள், குச்சி ஊன்றிக் கட்டியவள், சமையலறைக் கழிவையெல்லாம் மக்கவைத்து உரம் போட்டவள் அவள்தான். கெட்ட கண் மட்டும் அவளுடையதாம். நல்ல கைக்குக் கணக்கே இல்லை.

அன்று சாயங்காலமே அவள் கணவன் பரண்மேல் இருந்த பெட்டியை இறக்கித் தூசி தட்டினான். "ரெண்டு மாசம்தானே, உங்க அம்மா வீட்டுல ஜாலியா இருந்துட்டு வா" என்றான். மனைவியின் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியமில்லாமல் பெட்டியின் பூட்டைப் பார்த்துச் சொன்னான்.

அவளுக்கு அழுகை வந்தது. அதைவிட வேகமாகக் கோபம் வந்தது. "ஏங்க, அந்த ஆளு மூச்சு இழுக்கும்போதும் 'ம்ம்ம்' நிக்கல. கவனிச்சீங்களா?"

"மகானுக்கு எதுக்கு மூச்சு?" என்றான் கணவன்.

அவளுக்குக் காது கேட்கும் கருவி விற்கும் கடையில் வேலை. "இந்தச் சத்தம் கேக்குதா? இப்ப கேக்குதா?" என்று நாள் முழுவதும் கேட்டுக்கொண்டிருப்பவள். வாயிலிருந்து வரும் சத்தத்துக்கும் மோட்டார் சத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாதா? கைபேசியை எடுத்துத் தேடினாள். தக்காளிப் பூ அதிர்ந்தால்தான் அதன் மகரந்தம் உதிரும். காற்றோ தேனீயோ அந்த வேலையைச் செய்யும். சூடு மிஞ்சினால் மகரந்தமே செத்துப்போகும். இவ்வளவுதான் சங்கதி. அதே கைபேசி மாடியில் நின்ற அத்தனை பேர் கையிலும் இருந்தது. மகானைப் படம் பிடிப்பதற்கு.

அவள் நேராக மாமியாரிடம் போனாள். "அத்தை, எனக்கு ரெண்டு வாரம் குடுங்க. ஒரே ஒரு தொட்டியை எங்க ரூம் பால்கனிக்கு எடுத்துக்கிறேன். அதை நான் மட்டும் பார்க்கிறேன். மாடியில இருக்கிற மத்த செடியைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன். மகானே பார்த்துக்கட்டும். என் செடியில காய் வரலைன்னா நானே பெட்டியைத் தூக்கிட்டுக் கிளம்பறேன்."

"நல்லாப் பார்த்துக்கோ" என்றாள் மாமியார். தக்காளியும் வேண்டும், மருமகள் வாங்கித்தரும் முட்டிவலித் தைலமும் வேண்டும் என்று அவளுக்கு இரண்டு மனது.

கிழக்குப் பார்த்த பால்கனி அது. காலை வெயிலோடு சரி. மதிய அனலுக்குப் பழைய போர்வை ஒன்றை மறைப்பாகக் கட்டினாள். விடிந்ததும் செடியெதிரே உட்கார்ந்து, எவ்வளவு கெட்ட பார்வை பார்க்க முடியுமோ அவ்வளவும் பார்த்தாள். பார்த்துக்கொண்டே தன் பேட்டரி டூத்பிரஷை இயக்கிப் பூக்காம்பின் மேல் வைத்தாள். பூவிலிருந்து மஞ்சள் தூள் உதிர்ந்தது.

கெடு முடிந்த ஞாயிற்றுக்கிழமை, கூடியிருந்த கூட்டத்துக்கு நடுவே அவள் தன் தொட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். கொத்துக் கொத்தாகக் குட்டிக் காய்கள். மேற்குச் சுவரோரம் மகான் பார்த்துக்கொண்ட செடிகளில் இலை மட்டும்தான்.

மகான் அசரவில்லை. "என் சக்தி பால்கனி வரைக்கும் பாஞ்சிருக்கு!"

"ஆமாமா!" என்றது கூட்டம். கூட்டத்துக்கு 'ஆமாம்' என்பது இருமல் மாதிரி, தானாக வரும்.

"சரிங்க, எல்லாம் உங்க சக்திதான்" என்றாள் மருமகள். "இன்னொரு தடவை செஞ்சு காட்டுங்க. இந்தத் தடவை வாயையும் மூக்கையும் மூடிக்கிட்டு."

"ரீங்காரம் இல்லாம எப்படிம்மா?"

"மனசுக்குள்ள சொல்லிக்குங்க. செடிக்குத்தான் காது கிடையாதே."

பக்திமான்களுக்கே இது சுவாரசியமாகப் பட்டது. மகான் உதட்டை இறுக்கி, ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு கோலைப் பூமேல் வைத்தார். கோல் அசையவில்லை. "நடுங்கலையே சாமி?" என்றார் வங்கி மேலாளர், உறை கொடுத்த உரிமையோடு. எல்லாக் கண்ணும் கோல்மேல் இருந்தது. மகானுக்கு வியர்த்தது. கட்டைவிரலைப் பட்டுத்துணிக்குள் மெல்ல நகர்த்தினார்.

"ம்ம்ம்ம்" என்றது ரீங்காரம். மகானின் வாயும் மூக்கும் மூடியே இருந்தன.

மாமியார்தான் முதலில் நகர்ந்தாள். விறுவிறுவென்று போய்க் கோலைப் பிடுங்கிக் காதில் வைத்துப் பார்த்தாள். பட்டுத்துணியை உரித்தாள். ஊறுகாய் பாட்டில் மூடியைத் திருகுகிற பழக்கத்தில் அடிப்பக்கத்தைத் திருகினாள். பேட்டரி உருண்டு விழுந்தது.

"இதே பேட்டரிதானே எங்க வீட்டுக் கடிகாரத்துல இருக்கு! அப்ப அதுவும் மகானாய்யா?"

மாடியே கொல்லென்று சிரித்தது. இத்தனை நாள் சால்வையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டவர்கள்தான் சத்தமாகச் சிரித்தார்கள். பச்சைக் கண்ணாடியைக் கழற்றிய பிறகு மகான் சாதாரண மனிதராக இருந்தார்.

"கண்ணாடிக் கூடாரத் தோட்டத்துல வேலை பார்த்தேங்க. அங்க காத்து கிடையாது, தேனீ கிடையாது. தினமும் இப்படித்தான் பூவை அதிர வைப்போம். வெளியில வந்து, 'காலையில பூவை லேசா ஆட்டிவிடுங்க, காய்க்கும்'னு சொன்னேன். போடா வேலையத்தவனேன்னாங்க. சால்வையைப் போட்டுக்கிட்டு வந்தேன், விழுந்து கும்பிட என் காலைத் தேடுனாங்க."

சிரிப்பு நின்றது. இது கொஞ்சம் சுட்டது.

"செடியை ஆட்டினதுக்கு எனக்குக் கோவம் இல்லைங்க" என்றாள் மருமகள். "என் குடும்பத்தையே ஆட்டிட்டீங்களே. நீங்க தோத்ததுக்கு நானா கிடைச்சேன்?"

அவர் எல்லாருடைய உறைகளையும் திருப்பிக் கொடுத்துவிட்டு, சால்வையைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியிறங்கினார். வீட்டில் மாமியார் மகனைப் பிடித்துக்கொண்டாள். "பெட்டியை எடுத்துப் பரண்மேல வைடா. எனக்குத்தான் புத்தி கெட்டுப்போச்சுன்னா உனக்கு எங்கடா போச்சு?" என்றாள். அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, மனைவியின் முகத்தைப் பார்த்து, "மன்னிச்சிடு" என்றான்.

இதோடு கதை முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மறுநாள் காலை கதவு தட்டப்பட்டது. திறந்தால், படிக்கட்டு முழுக்கக் கூட்டம். முன்வரிசையில் தொட்டியை அணைத்துக்கொண்டு வங்கி மேலாளர்.

"அம்மா, உங்க கண்ணு ராசியான கண்ணு. எங்க செடியை ஒரே ஒரு தடவை பார்த்துடுங்க, போதும். காய்ச்சிடும்!"

மருமகள் அவர்களைப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"முந்தாநேத்து வரைக்கும் என் கண்ணு பட்டா பூ கொட்டும்னீங்க. இன்னிக்குக் காய்க்கும்ங்கிறீங்க. என் கண்ணு பார்க்கிறதுக்கு மட்டும்தாங்க. உங்களுக்கும் அதே மாதிரி ரெண்டு இருக்கு, மூளைக்குப் பக்கத்துலதான் வச்சிருக்கு. போய் உங்க செடியை நீங்களே பாருங்க!"