கடைசியாக வந்த ஸ்கொட்டிஷ் அண்ணை

வேகமாக ஓடுவதற்கென்றே பிறந்து, அசையாமல் நின்று பேரெடுத்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் ஸ்கொட்டிஷ் அண்ணை. இதில் என்னோடு வாதாட வருபவர்கள் தொண்ணூறுகளில் கனடாவின் ஸ்காபரோவில் இருந்திருக்க மாட்டார்கள்.

நாங்கள் வேலை செய்த பிளாஸ்டிக் தொழிற்சாலையில் அவர் மெஷின் திருத்துபவர். இளமையில் ஸ்கொட்லாந்தில் வட்டத் திடலில் சைக்கிள் பந்தயம் ஓடியவர். ஒவ்வொரு தொடையும் எங்களோடு வேலைசெய்த செல்வம் அண்ணையின் இடுப்பளவு இருக்கும். பனிக்காலத்திலும் பிரேக் இல்லாத அந்தப் பந்தயச் சைக்கிளில்தான் வேலைக்கு வருவார். சிவப்பு விளக்கில் காலை ஊன்ற மாட்டார். முன்சில்லைச் சற்றே திருப்பி, பெடலில் ஏறி நின்றபடி சிலையாகிவிடுவார். ஒருநாள் அன்ரி ஒருவர், மனுசனுக்கு என்னவோ செய்துவிட்டதென்று பதறி, போத்தல் தண்ணீரை முகத்தில் தெளித்தார். அதற்கும் அவர் அசையவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் தன் போட்டியைப் பற்றி விளக்குவார். இரண்டு பேர், மூன்று சுற்று. முதலிரண்டு சுற்றும் ஆளையாள் பார்த்தபடி ஊர்ந்துபோவார்களாம், சிலவேளை நின்றே விடுவார்களாம். மற்றவனை முன்னுக்கு விட்டு, அவன் முதுகுக்குப் பின்னால் காற்றுப்படாமல் ஒளிந்திருந்து, கடைசியில் பாய்வதுதான் வித்தையாம்.

"ஆளையாள் பாக்கிறதெண்டால் கோயிலில வச்சுப் பாக்கலாமே," என்றார் செல்வம் அண்ணை.

மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பதினொரு வருடம் ஓடியும் பெரிய போட்டி ஒன்றிலும் தான் முதலாவதாக வந்ததில்லை என்றார். நாட்டுக்காக ஓட ஆள் தெரிவுசெய்த போட்டியிலும் இவரும் எதிராளியும் அப்படியே அசையாமல் நின்றார்களாம். பொறுமையிழந்து முதலில் அசைந்தது இவர். அதோடு பந்தய வாழ்க்கை முடிந்தது, கனடாவுக்கு விமானம் ஏறினார். ஒரேயொரு தரம் வென்றுபார்க்க வேண்டும் என்று, ஐம்பது வயதில், கோழிக்கறியைச் சோற்றோடு குழைத்தபடி சொன்னார்.

அந்தக் கோடையில் எங்கள் ஊர்ச்சங்க ஒன்றுகூடல் வந்தது. விளையாட்டுப் பொறுப்பு என்னுடையது. சைக்கிள் போட்டிக்கு அவர் பெயரைப் பெருமையோடு எழுதினேன். சைக்கிளைத் துடைத்து மினுக்கி, பழைய பந்தயச் சட்டையோடு அவர் கோட்டில் வந்து நின்றபோதுதான் என் மண்டையில் உறைத்தது. எங்கள் ஆட்களின் சைக்கிள் போட்டி மெதுவாக ஓடுகிற போட்டி. ஐம்பது யார் தூரம். கால் நிலத்தில் முட்டாமல் கடைசியாக வருபவருக்கே முதற்பரிசு.

அசடு வழிய விளக்கினேன். கடைசியாக வருபவனுக்கா பரிசு என்று இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்.

விசில் ஊதியதும் மூன்று முழம் போனார், சில்லைத் திருப்பினார், நின்றார். நின்றார் என்றால் நின்றார். மற்றவர்கள் அவரைப் பார்த்துப் பார்த்தே விழுந்தார்கள். ஐந்து வருடச் சம்பியனான செல்வம் அண்ணை மட்டும் நெளிந்து நெளிந்து ஊர்ந்து, வேறு வழியில்லாமல் கோட்டைத் தாண்டினார்.

நான் ஓடிப்போய், வென்றாச்சு, இனிக் கோட்டுக்கு வரலாம் என்றேன். அவர் அசையவில்லை. கண்ணீர் கன்னத்தில் ஓடியது. இன்னும் கொஞ்சம் நிற்கவிடு என்றார்.

சோறு ஆறுகிறது, கெதியாக வரச் சொல்லுங்கள் என்று யாரோ மைக்கில் தொடங்கினார்கள். தோற்றுப்போன செல்வம் அண்ணைதான் அந்த மைக்கைப் பறித்தார்.

"ஒருத்தரும் அவசரப்படுத்தாதேங்கோ. மனுசன் ஆசைதீர நிக்கட்டும்."

நூறு பேர் பசியோடு காத்திருந்தோம். அவரைச் சைக்கிளோடு சேர்த்துக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல எனக்கு இருந்தது. விழுந்துவிடுவாரே என்று பயந்து, பக்கத்தில் நின்றேன்.