மேலே வரிக்குதிரை, கீழே சிறுத்தை

மனித நாகரிகத்தின் வரலாற்றை இனிமேல் எழுதுகிறவர்கள் தீக்கு ஒரு பக்கம், சக்கரத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, மீதியை ஹராரேயில் உள்ள எங்கள் அலுவலகத்துக்கு விட்டுவிடுவது நல்லது. நாங்கள் இறுதிச்சடங்குக் காப்பீடு நடத்துகிறோம். சவப்பெட்டி, வண்டி, துக்க வீட்டுக்குக் கூடாரம் எல்லாம் எங்கள் பொறுப்பு. இத்தனை காலமும் இதைச் சாம்பல் நிறக் கோட்டில் செய்துவந்தோம் என்று நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

எங்களைக் கடைத்தேற்றியவர் ஜொகானஸ்பர்க்கிலிருந்து வந்த ‘தோற்ற ஆலோசகர்’. விலங்குத் தோல் போல அச்சிட்ட துணிகளை அலுவலகத்துக்கு ஏற்றபடி கலந்து உடுத்துவது எப்படி என்று அவர் வகுப்பெடுத்தார். உடம்பில் ஒரு விலங்கு இருந்தால் அது தயக்கம். இரண்டு இருந்தால் தன்னம்பிக்கை. எங்கள் மேலாளர் திருமதி சிகாரிரோ கண் கலங்கிவிட்டார். உடனே தோற்றக் குழு அமைந்தது. செயலாளர் பொறுப்பு அடியேனுக்கு.

முதல் கூட்டத்திலேயே கணக்கர் முரம்பிவா ஆழமான கேள்வி ஒன்றை எழுப்பினார்.

“சிறுத்தைக்குப் பக்கத்துல வரிக்குதிரை நின்னா, சிறுத்தை சும்மா இருக்குமா மேடம்?”

“நடுவுல பெல்ட் போடுங்க,” என்று மேடம் தீர்ப்பளித்தார்.

வரவேற்பில் இருந்த ருவராஷே மட்டும் எழுந்து நின்றாள். தற்காலிக ஊழியை. அந்த வாரம் வெள்ளிக்கிழமை மாலை வேலை நிரந்தரமாவதாக இருந்தது. அவள் சம்பளத்தில்தான் தம்பிகள் படிக்கிறார்கள்.

“மேடம், எங்க குலத்துச் சின்னமே வரிக்குதிரை. அதை உடம்புல போட எங்க வீட்டுல ஒத்துக்க மாட்டாங்க.”

“பாம்பு போடு. ஒட்டகச்சிவிங்கி போடு. கடையில காடே இருக்கு.”

“அழுதுகிட்டு வர்றவங்க முன்னாடி அதெல்லாம் எப்படி மேடம்?”

“அழறவங்களுக்கும் பார்க்க ஏதாவது வேணாமா, ருவா?”

புதிய உடை வெள்ளிக்கிழமை முதல் என்று குறித்துக்கொண்டேன். ஆனாலும் வெள்ளியன்று கறுப்புப் பாவாடையும் வெள்ளைச் சட்டையுமாக வந்து நின்றாள். பெருந்தன்மை மிக்க மேடம் அவளைத் திட்டவில்லை. கோப்பறையைக் காட்டினார்.

“சாயங்காலம் வரைக்கும் உள்ளேயே இரு. வெளியே தலை காட்டினா நிரந்தரத்தை மறந்துடு.”

வரவேற்பில் மேடமே நின்றார். மேலே வரிக்குதிரை, கீழே சிறுத்தை, நடுவில் பெல்ட்.

காலையில் சவானு என்ற பெரியவர் வந்தார். மேடத்தைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றினார், சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தார், உள்ளங்கைகளைக் குவித்துத் தட்டினார்.

“மாதுவே!” என்றார். வரிக்குதிரைக் குலத்துப் பெண்களை மரியாதையாக அப்படித்தான் அழைப்பது. மனைவியின் குலத்தில் மூத்த பெண்கள் எல்லாரும் மாமியார், இளையவர்கள் மச்சினி.

“நாற்காலியில உக்காருங்க ஐயா.”

“மாமியார் முன்னாடி நாற்காலியா? நேத்து விடியக்காலையில என் பொண்டாட்டி, உங்க குலத்து மக, போயிட்டா, தாயி. அவளைப் புதைக்க அவ குலத்தோட சம்மதம் வேணும். நானே நேரா கேக்கக் கூடாது, உங்க குலத்து ஆள் ஒருத்தர் கேட்டுச் சொல்லணும். அவ பொறந்த ஊர் முடாசாவுக்கு ஆள் அனுப்பினேன், மழையில பாலம் போயிடுச்சு. கர்த்தர்தான் உங்களைக் கண்ணுல காட்டினார்.”

மேடம் குரங்குக் குலம். ஆனால் உடுத்திய விலங்கை வாடிக்கையாளர் முன் மறுக்கக் கூடாது என்பது தோற்றக் குழுவின் விதி.

“நான்... மேலே மட்டும்தான் வரிக்குதிரை ஐயா.”

“அப்போ இடுப்புக்குக் கீழ யாரு?” பெரியவர் உண்மையாகவே கேட்டார்.

“அது சிறுத்தை. நிறுவனத்தோட கொள்கை.”

பெரியவர் பாம்புச் சட்டைக்கு ஒட்டகச்சிவிங்கி டை கட்டியிருந்த முரம்பிவாவிடம் திரும்பினார்.

“நீங்க யாரு தம்பி?”

“நான் கணக்குப் பிரிவுங்க.”

இக்கட்டான நேரத்தில்தான் தலைமைப் பண்பு வெளிப்படும். மேடம் தொண்டையைச் செருமினார். “அடக்கத்துக்கு எங்கள் தரப்பில் ஆட்சேபணை இல்லை.”

பெரியவர் நெற்றியைத் தரையில் வைத்து நன்றி சொன்னார். நாளைக்கு முடாசாக்காரர்கள் வந்து, யார் சொல்லிப் புதைத்தாய் என்று கேட்டால், ஒரு சட்டை சொன்னது என்று அவர் பதில் சொல்லிக்கொள்வார். அது எங்கள் துறைக்கு உட்பட்டதல்ல.

அப்போது கோப்பறைக் கதவு திறந்தது. ருவராஷே வந்து பெரியவருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

“ருவா, சாயங்காலம் ஞாபகம் இருக்கட்டும்,” என்றார் மேடம்.

“இருக்கு மேடம்.” அவள் எழுந்திருக்கவில்லை. “அத்தான், நான் வரிக்குதிரைப் பொண்ணு. எங்க பெரியப்பா முடாசாவுலதான் இருக்கார். இப்பவே போன்ல கேக்கறேன். அக்கா பேர் என்ன?”

“எஸ்நாத்.”

“எஸ்நாத் அக்கா!” என்று ஒருமுறை சொல்லி அழுதாள். அதற்கு அப்புறம்தான் பெரியவருக்கும் அழுகை வந்தது. அதுவரை அவர் அழவே இல்லை என்பதை நாங்கள் யாரும் கவனித்திருக்கவில்லை.

பெரியப்பா, இறந்தவளின் அண்ணன்மாரைத் தேடிப்பிடித்துச் சம்மதம் வாங்கித் தந்தார். ருவராஷேயும் பெரியவரும் கண்ணை மூடி ஜெபித்தார்கள். ஜெபம் எங்கள் சேவைகளில் இல்லாததால், ‘பணி தடைப்பட்டது’ என்று குறித்துக்கொண்டேன்.

மாலையில் குழு கூடியது.

“நல்ல பொண்ணு மேடம்,” என்றார் முரம்பிவா.

“யாரு இல்லேன்னா? ஆனா ஒரு பூனைகூட இல்லியே அவ மேல!”

முடிவு ஒருமனதானது. ருவராஷே எங்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போனாள்.

அடக்கம் முடிந்தபின் பெரியவர் மறுபடி வந்தார், கையில் பெரிய பூசணிக்காயுடன்.

“என் மச்சினி எங்கே?”

செயலாளர் என்ற முறையில் நான்தான் விளக்க வேண்டியிருந்தது.

“வேலையிலேர்ந்து எடுத்துட்டோம் ஐயா. அவகிட்ட மிருகம் எதுவும் இல்லை.”

பெரியவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். கோபமே இல்லாத பார்வை. பூசணிக்காயை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

“அவகிட்ட இல்லேன்னு நானே சாட்சி சொல்வேன் தம்பி. உங்க எல்லார்கிட்டயும் இருக்குன்னும் சொல்வேன்,” என்று சொல்லிவிட்டு அவள் வீட்டுக்கு வழி கேட்டுக்கொண்டு போனார்.

வாடிக்கையாளர் ஒருவர் தாமாகவே முன்வந்து அளித்த இந்த நற்சான்றைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிவைத்திருக்கிறோம்.