பச்சை விளக்குப் பல்

ஆடிட் என்றால் என்னவென்று தெரியாதவர்கள் புண்ணியம் செய்தவர்கள். ஓசூரில் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறேன். வாடிக்கையாளர் சோதனைக்கு வருகிறார் என்றால் தரையில் எண்ணெய் துடைப்போம், பழுதானதைப் பின்னறையில் ஒளிப்போம். ஆபரேட்டர்களுக்கும் பாடம் எடுப்பேன்: கேட்டதுக்கு மட்டும் பதில், சிரித்த முகமாக ‘நோ ப்ராப்ளம் சார்’.

அந்தப் புத்தியைத்தான் என் எட்டு வயது மகள் இளமதியின் வாயிலும் காட்டினேன்.

அவளுடைய கீழ்க் கடைவாய்ப் பல்லில் கறுப்பாக ஒரு புள்ளி. பல் டாக்டரம்மா இருப்பது பெங்களூரில். அத்திப்பள்ளி நெரிசலைத் தாண்டிப் போய்வந்தால் ஒருநாள் சம்பளம் போச்சு. போனிலேயே பார்க்கலாம் என்றார்கள். வாராவாரம் பல்லைப் படமெடுத்து ஆப்பில் ஏற்ற வேண்டும், இடையிடையே வீடியோவில் பேச வேண்டும். முதல் வாரமே ஆப்பில் சிவப்பு விளக்கு. எங்கள் கம்பெனியில் சிவப்பு அட்டை கட்டினால் அந்தப் பொருள் குப்பைக்கு. (என் மகளுக்குச் சிவப்பா? என் வளர்ப்புக்கா?)

அடுத்த வாரம் மூன்று முறை பல் தேய்க்க வைத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் தலையைச் சாய்த்து, புள்ளி நிழலில் மறையும் படமாகப் பொறுக்கி அனுப்பினேன். வீடியோவுக்கு முன்னால் இளமதிக்கும் பாடம் நடந்தது. டாக்டர் கேட்டார், அவள் சிரித்துக்கொண்டே நோ ப்ராப்ளம் என்றாள். பச்சை எரிந்தது. அதைக் கம்பெனி கேன்டீனில் எல்லோருக்கும் காட்டினேன், வெட்கமில்லாமல்.

மாம்பழக் காலத்தில் வேப்பனப்பள்ளியில் என் கொழுந்தனார் தோட்டத்துக்குப் போனோம். மாம்பழம் என்றால் கொட்டையைக்கூட விடாதவள், கையில் கொடுத்த பழத்தை அப்படியே வைத்துவிட்டாள். என் கணவர் அவள் கன்னத்தைத் தொட்டார்.

“ஏய், இங்க வா. புள்ளைக்குக் கன்னம் வீங்கிக் கெடக்குது. அனலாக் கொதிக்குது பாரு.”

அங்கிருந்தே பெங்களூருக்கு ஓடினோம். டாக்டரம்மா என் பச்சை விளக்கையும் அவள் வாயையும் மாறி மாறிப் பார்த்தார். கோபப்படவில்லை, திட்டியிருந்தால் தேவலை. வலிக்கிறதா என்று அவளிடம் கேட்டார். இளமதி முதலில் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு வீங்கிய கன்னத்தோடு சிரித்தாள்.

“நோ ப்ராப்ளம் டாக்டர்.”

நான் வெளியே போய் நின்றுகொண்டேன். பல்லைக் காப்பாற்ற முடியவில்லை. அது பால் பல் இல்லை, நிலைத்த பல்; இனி முளைக்காது.

திரும்பும் வழியில், ரொம்ப நாளாக வலித்ததா என்று கேட்டேன். பஞ்சைக் கடித்தபடி தலையாட்டினாள். ஏன் சொல்லவில்லை என்றேன்.

“கேட்டதுக்கு மட்டும்தான சொல்லணும்? நீ கேக்கவே இல்லியேம்மா.”

இப்போதும் குழம்பில் உப்பு சரியா என்று நான் கேட்டால் போதும், அப்பாவும் மகளும் கைகட்டி எழுந்து நின்று “நோ ப்ராப்ளம் மேடம்” என்பார்கள். கொழுந்தனார் வீடு வரைக்கும் இந்தக் கிண்டல் பரவிவிட்டது. இளமதி வாய் கொள்ளாமல் சிரிப்பாள். உள்ளே அந்த இடம் காலியாகத் தெரியும். நானும் கூடவே சிரித்துவிட்டு, உப்பு சரியா என்று இன்னொரு முறை கேட்பேன்.