கோடவுன் மாமாவின் ஏழு படி

டெல்லியில் வீட்டிலேயே வியாபாரம் செய்கிறவர்கள் லட்சம் பேர் இருக்கலாம். வீட்டுக்கும் வியாபாரத்துக்கும் நடுவே எல்லை போட்டு, அதைத் தாண்டும்போதெல்லாம் செருப்பு மாற்றிய மனிதர் ஒருவர்தான். மயூர் விஹாரில் நான் குடியிருந்தபோது எதிர் ஃப்ளாட்டில் இருந்த கோடவுன் மாமா.

கும்பகோணத்திலிருந்து அப்பளம், வடாம், மோர்மிளகாய் வரவழைத்துத் தமிழ் வீடுகளுக்கு விற்பார். இரண்டு படுக்கையறை வாடகை வீடு. சின்ன அறைதான் கோடவுன். அந்த அறைக்குரிய வாடகையையும் மின்சாரத்தையும் வருமான வரியில் வியாபாரச் செலவாகக் கழித்துக்கொள்வார். சட்டம் அனுமதிப்பதுதான். ஆனால் மாமாவுக்குச் சட்டம் போதாது, சத்தியமும் வேண்டும். கோடவுனில் இருக்கும்போது மகள் கூப்பிட்டால், ஒலிக்கிற போனை ஏந்திக்கொண்டு பதினோரு எட்டு ஓடி, ஹாலுக்கு வந்த பிறகுதான் பேசுவார். எட்டுகளை நானே எண்ணியிருக்கிறேன்.

ஒருநாள் மாமி கோடவுன் ஜன்னலில் புடவையை உலர்த்திவிட்டார்.

"அடியே, சொந்த உபயோகம்! கணக்கு பொய்யாயிடும்!"

"உங்க அப்பளத்தை என் பால்கனியிலே காயப்போட்டேளே, அதுக்கு வாடகை எங்கே?"

மாமா வாடகை கொடுத்தார். ரசீதும் வாங்கிக்கொண்டார்.

ஹாலில் இடமில்லாததால் நவராத்திரிக் கொலு கோடவுனில்தான் என்று மாமி தீர்ப்புச் சொன்னபோது, மாமா ஒரே நிபந்தனை விதித்தார். சரக்குப் பெட்டிகளே படிகளாக இருக்க வேண்டும். மேலே பொம்மை, நடுவே வேஷ்டி, கீழே மோர்மிளகாய். நோய்டாவிலிருந்து வந்த ஒருவரிடம், "வடாம் இருக்கு சார். மேலே ராமர் பட்டாபிஷேகம் நடக்கறது. விஜயதசமி கழிச்சு வாங்கோ" என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்.

மறுவருஷம் வரி ஆபீஸிலிருந்து நோட்டீஸ் வந்தது. அறையில் சரக்குதான் இருக்கிறது என்பதற்கு ஆதாரம் வேண்டுமாம். மாமா, ரிட்டயர்டு ஆடிட்டரான என்னைக் கேட்காமல், அந்த அறையின் ஒரே படத்தை அனுப்பிவிட்டார். கொலுப் படம்!

"என்ன காரியம் பண்ணினீர் ஓய்? பூஜை ரூம்னு தள்ளிடுவான். மூணு வருஷ வரி, வட்டி, அபராதம்!"

"தள்ளினா கடையை மூடிண்டு, குர்காவ்லே பிள்ளையாத்து சோபாவிலே உக்காந்து சீரியல் பாக்க வேண்டியதுதான்" என்றார் மாமா. அவர் குரல் அவ்வளவு இறங்கி நான் கேட்டதில்லை.

இன்ஸ்பெக்டர் நேரில் வந்தார். வந்த நாள், அந்த வருஷ நவராத்திரியின் ஆறாம் நாள். கனத்த மனிதர். கோடவுன் வாசலில் பயபக்தியுடன் ஷூவைக் கழற்றினார். கோடவுனுக்குள் நுழைய யார் ஷூ கழற்றுவார்?

"யே தோ மந்திர் ஹை!" என்று கோயிலைக் கண்டதுபோல் கைகூப்பினார்.

"பொம்மையை எடுத்துட்டு பெட்டியைக் காட்டும் ஓய்!" என்றேன்.

"நவராத்திரி நடுவிலே கொலுவைக் கலைக்கறதா? கடையே போனாலும் மாட்டேன்."

சொல்லிவிட்டு மாமா தரையில் குப்புறப் படுத்தார். சுவரோரமாக ஊர்ந்து, வேஷ்டியின் ஓரத்தைத் தூக்கி, டார்ச் அடித்தார். "ஆயியே சார், ஜல்தி!" என்று அவரையும் சீக்கிரம் வரச் சொன்னார்.

இன்ஸ்பெக்டரும் படுத்து ஊர்ந்தார். முதல் படிக்கு ஒரு பெட்டி உயரம், ஏழாவது படிக்கு ஏழு பெட்டி உயரம். இந்தப் பக்கம் இருபத்தெட்டு, அந்தப் பக்கம் இருபத்தெட்டு, ஆக ஐம்பத்தாறு. மூன்று முறை எண்ணினேன். சரக்குப் பதிவேட்டிலும் ஐம்பத்தாறு! ஒரு பொம்மைகூட அசையவில்லை.

மூச்சு வாங்க எழுந்த இன்ஸ்பெக்டர் அறையை அளந்தார். பத்துக்குப் பன்னிரண்டு, நூற்றிருபது சதுர அடி. மாமா கழிவு கேட்டிருந்ததோ நூற்றுப் பதினாறுக்கு.

"எல்லாரும் கூட்டித்தான் போடுவார்கள். நீங்கள் ஏன் நாலு அடி குறைத்தீர்கள்?" என்று ஹிந்தியில் கேட்டார்.

கணக்கில் பிசகு, போயிற்று எல்லாம்!

மாமா என்னையும் ஜன்னலோரத்து நாற்காலியையும் காட்டித் தன் உடைந்த ஹிந்தியில் சொன்னார்: "தினமும் பத்து மணிக்கு இவர் அங்கே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டு என்னோடு சண்டை போடுவார். அது வியாபாரம் இல்லையே சார்?"

இன்ஸ்பெக்டர் வாய்விட்டுச் சிரித்து ஃபைலை மூடினார். இரண்டு தொன்னை சுண்டல் சாப்பிட்டார். அடுத்த மாதமே, கேட்ட கழிவு முழுவதும் சரி என்று உத்தரவு வந்தது. மாமா மாடிப்படியில் நின்று நான்கு தளத்துக்கும் கேட்கும்படி அதைப் படித்தார்.

என் நாற்காலிக்கு இரண்டடிக்கு இரண்டடி. என் ஆயுளில் சரிபார்க்காமல் ஏற்றுக்கொண்ட அளவு அது ஒன்றுதான்.