நல்ல காரியத்துக்கு நகராத கார்

ஒரு விஷயத்தைத் தேதி, கிழமை, மணி போட்டு எழுதிவிட்டாலே அது பாதி புரிந்துவிட்டது என்று நெடுங்காலம் நம்பிக்கொண்டிருந்தவன் நான். தாமல் ஏரி எந்த நாளில் நிரம்பியது, எங்கள் தெருவில் முதல் போர்வெல் என்றைக்குப் போட்டார்கள், எதிர்வீட்டுப் பசு எந்தக் கிழமையில் கன்று போட்டது, எல்லாம் என்னிடம் குறிப்பாக இருக்கிறது. (இதுவரை யாரும் கேட்டதில்லை.) அந்த நம்பிக்கை ஒரு சாயங்காலத்தில், மேளதாளத்தோடு, வீடியோ வெளிச்சத்தில் உடைந்தது.

அக்கா வீட்டுக்காரர் ஏகாம்பரம் மாமாவுக்குக் காஞ்சிபுரத்தில் பட்டுச் சேலை வியாபாரம். சென்னையில் ஒரு டாக்டர் விற்ற பெரிய வெளிநாட்டுக் கார் ஒன்றை வாங்கி வந்தார். பழையதுதான், ஆனாலும் எங்கள் தெருவில் திரும்பும்போது கப்பல் மாதிரி இருக்கும். சாவியைச் செருகித் திருகும் வேலையே கிடையாது. சாவி நம்மிடம் இருப்பதைக் காரே உணர்ந்துகொள்ளும். பிரேக்கை மிதித்துப் பட்டனை அழுத்தினால் கிளம்பிவிடும்.

சில நாள் கிளம்பும். சில நாள் உள்ளே விளக்கெல்லாம் எரியும், திரையில் எழுத்து ஓடும், என்ஜின் மட்டும் வாயே திறக்காது. இரண்டு தடவை லாரியில் ஏற்றிச் சர்வீஸ் சென்டருக்கு அனுப்பினோம். இரண்டு தடவையும் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு ஃபால்ட்டும் இல்ல சார்" என்று அவர்களே ஓட்டிக்கொண்டு வந்து விட்டார்கள்.

அக்கா மகள் காவ்யாவுக்கு அப்போது கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருந்தது. மாப்பிள்ளை அழைப்பை இந்தக் காரில்தான் நடத்துவேன் என்று மாமா ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.

"மாப்பிள்ளைய உக்கார வெச்சிக்கினு இது நடுத்தெருவுல படுத்துக்கினா சம்பந்தி வீட்டு முன்னாடி மானம் போயிடும்" என்றாள் அக்கா. "வேற கார் சொல்லிடுங்க."

"என் பொண்ணு கல்யாணத்துக்கு இரவல் காரா? இன்னாம்மா பேசற நீ?"

இருவரும் முறைத்துக்கொண்டார்கள். யாரும் கேட்காமலே நான் நடுவில் புகுந்தேன். "ஒரு மாசம் டைம் குடுங்க மாமா. காரணத்தக் கண்டுபிடிச்சி எழுதியே குடுத்துடறேன்."

புதிய நோட்டு ஒன்று வாங்கிக் கட்டம் போட்டேன். நாள், மணி, வெயிலா மழையா, டேங்கில் எவ்வளவு பெட்ரோல், கார் எந்தத் திசை பார்த்து நின்றது, யார் எந்த சீட்டில். (ராகு காலத்துக்கும் ஒரு கட்டம் போட்டேன். பகுத்தறிவுக்கு விரோதம்தான், இருந்தாலும் கட்டம் காலியாக இருந்தது.) பட்டனை அழுத்தும் ஒவ்வொரு முறையும் மாமா எனக்குப் போன் செய்ய வேண்டும் என்று உத்தரவு.

மூன்று வாரத்தில் ஒரு பேருண்மை துலங்கியது. காய்கறி வாங்கப் போனால் கார் கிளம்புகிறது. நிச்சயதார்த்தம், கிரகப்பிரவேசம், கோயில் என்று நல்ல காரியத்துக்குப் போனால் மக்கர் செய்கிறது. இரண்டு ராத்திரி யோசித்தேன். நல்ல காரியத்துக்குப் போவதற்கு முன்னால் மாமா காரைக் கழுவுகிறார். ஆக, எங்கோ ஒயரில் தண்ணீர் இறங்குகிறது! பக்கவாட்டில் வேறொரு விஷயமும் இருந்தது. கிளம்பாத ஒவ்வொரு முறையும் திரையில் 'சாவி காணவில்லை' என்று ஆங்கிலத்தில் வந்தது. சாவியோ மாமா இடுப்பில், நான் பரிசளித்த ஜரிகைப் பைக்குள் பத்திரமாக இருந்தது. என் கண்ணால் பார்த்தேன். எனவே, 'திரையும் பழுது. நம்ப வேண்டாம்' என்று சிவப்பு மையில் குறித்து அடிக்கோடும் போட்டேன்.

அழைப்பு நாள் வந்தது. என் உத்தரவுப்படி பத்து நாளாகக் குளிக்காத கார், தூசியின் மேலேயே மல்லிகைச் சரம் சுற்றிக்கொண்டு பிள்ளையார் கோயில் வாசலில் நின்றது. மாப்பிள்ளை கார்த்திக் மாலையோடு ஏறினார். நாதஸ்வரம் தொடங்கியது. மாமா பட்டு வேட்டியில் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, சாவியைப் பையில் போட்டு, சுருக்குக் கயிற்றை இழுத்து, பையை இடுப்பில் செருகி, கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டுப் பட்டனை அழுத்தினார்.

ஒன்றுமில்லை.

"இன்னாடா இது?" என்று என்னைப் பார்த்தார்.

ஊரே என்னைப் பார்த்தது. "எல்லாரும் இறங்குங்க. மாப்ள, நீங்களும்தான். கதவ மூடித் திறந்தா சரியாயிடும்" என்றேன். மாப்பிள்ளை இறங்கினார். ஏறினார். கிளம்பவில்லை. "இப்ப இடது பக்கமா இறங்கி வலது பக்கமா ஏறுங்க." ஏறினார். கிளம்பவில்லை. "ஏசிய அணைச்சிட்டு, கடைசியா ஒரே ஒரு வாட்டி மாப்ள." மூன்றாவது முறையும் இறங்கி ஏறினார். நாதஸ்வரக்காரர் அதே பாட்டை மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். சம்பந்தியம்மா முகத்தை நான் பார்க்கவில்லை. அக்கா முகத்தைப் பார்த்ததே போதுமானதாக இருந்தது.

"மாமா, நான் கொஞ்சம் பாக்கட்டுமா?" என்றார் மாப்பிள்ளை.

"சே சே, மாலையும் கழுத்துமா நீங்க போய்..."

"நான் ஸ்ரீபெரும்புதூர்ல கார் கம்பெனியிலதான் மாமா வேலை பாக்கறேன்."

(இது கல்யாணப் பத்திரிகையிலேயே அச்சடித்திருந்தது. பிழை திருத்தியவன் நான்.)

அவர் எட்டித் திரையைப் பார்த்தார். "சாவி எங்க?" மாமா பையை எடுத்துக் காட்டினார். அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "அசல் ஜரிகையா மாமா?" என்று கேட்டார்.

எனக்கு உயிர் வந்தது. "நான் குடுத்தது மாப்ள! தறியில பிசகுன முந்தானைத் துண்டு. முழு வெள்ளி இழை, தங்க முலாம். போலி ஒரு இழை கிடையாது. ரெட்டை மடிப்பா தெச்சது!"

"அதான் பிரச்சினை. சுத்தி அவ்வளோ வெள்ளி இருந்தா சாவியோட சிக்னல் வெளிய வராது. காரு சாவியத் தேடுது, கிடைக்கல, அதத்தான் எழுதிக் காட்டுது."

சாவியை வெளியே எடுத்து சீட்டில் வைத்தார். மாமா அழுத்தினார். கப்பல் உறுமியது.

நல்ல காரியத்துக்குப் பை. காய்கறிக்குச் சட்டைப் பாக்கெட். சர்வீஸ் சென்டரில் கிரீஸ் படும் என்று பையைக் கழற்றிவிட்டுச் சாவியை மட்டும் கொடுத்திருக்கிறார் மாமா.

"காத்து, மழை, ராகு காலம் எல்லாத்தையும் எழுதினியேடா" என்றாள் அக்கா. "உன் பைய எழுதலியா?"

அதற்குக் கட்டம் இல்லை.

விஷயம் இதோடு முடிந்திருக்கும். வீடியோ எடுத்தவர் வெளியூர்க்காரர். மாப்பிள்ளை மூன்று முறை இறங்கி ஏறியதை எங்கள் பக்கத்துச் சம்பிரதாயம் என்று நினைத்துவிட்டார். அந்தக் காட்சிக்கு மணியோசை சேர்த்து, பூ தூவவிட்டு, 'வாகனம் ஏறும் சடங்கு' என்று தலைப்பும் போட்டுக் கொடுத்தார். சொந்தக்காரர்கள் அதை ஊர் ஊராக அனுப்பிவைத்துச் சிரித்தார்கள். எல்லாரும் சிரிக்கவில்லை என்பது போன தை மாதம்தான் தெரிந்தது. சித்தப்பா பேத்தியின் கல்யாணத்தில், ஐயம்பேட்டை சம்பந்தி அக்காவிடம் வந்து பவ்யமாகக் கேட்டார். "உங்க பக்கம் மாப்பிள்ளை மூணு வாட்டி ஏறி இறங்கணுமாமே? எங்களால ஒரு குறையும் வந்துடக் கூடாதும்மா."

அக்கா முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. "ஆமாங்க. எந்தம்பி நின்னு கை காட்டணும். அதான் முறை."

கார்த்திக் ஒரு தூணுக்குப் பின்னால் போய்க் குலுங்கிக்கொண்டிருந்தார். நான் மாலையோடு காருக்குப் பக்கத்தில் நின்று கை காட்டினேன். அந்த மாப்பிள்ளைப் பையன் பயபக்தியோடு மூன்று முறை இறங்கி ஏறினான். புரோகிதர் என் காதருகே வந்து, "இது எந்தக் காலத்து வழக்கம் சார்?" என்று கேட்டார்.

"ரொம்பப் பழசுங்க" என்றேன்.