நல்ல வீடு ஏன் காலியாக இருக்கிறது?

படிக்கிற பிள்ளைகளில் பல ஜாதி உண்டு. சட்டம் படிப்பவர், வீட்டில் உப்பு அதிகம் என்று சொன்னால்கூட ஆதாரம் கேட்பார். மருத்துவம் படிப்பவர் உங்கள் இருமலை ஆசையோடு காதுகொடுத்துக் கேட்பார். இவர்களோடெல்லாம் ஒரே கூரையின் கீழ் காலம் தள்ளிவிடலாம். நான் இன்று உங்கள் முன் கொண்டுவந்து நிறுத்துவது வேறோர் இனம்: நிதிப் பொருளியலில் இளங்கலைப் பட்டம் படிப்பவர்.

அடையாளம் காண்பது சுலபம். சொந்தமாக ஒரு பங்குகூட இருக்காது. ஆனால் உலகத்துச் சந்தைகள் எல்லாம் சௌக்கியமா என்று கைப்பேசியில் விசாரித்துவிட்டுத்தான் பல் துலக்குவார். பயம் என்று சொல்ல மாட்டார், ரிஸ்க் என்பார். ஒரு சிநேகிதியோடு சண்டை வந்தால் எல்லாரும் சேர்ந்து விலகிவிடக் கூடாது என்பதற்காக, ஒருவரை ஒருவர் அறியாத நாலைந்து பேரைத் தேடிப் பிடித்து நட்பு வைத்திருப்பார்; முதலீட்டைப் பரவலாக்குகிறாராம். பாத்திரம் கழுவச் சொன்னால், இன்றைக்குச் செய்கிற வேலையைவிட நாளைக்குச் செய்யப்போகிற வேலையின் இன்றைய பாரம் குறைவு என்று சூத்திரம் எழுதிக் காட்டுவார். சூத்திரம் சரியாகவே இருக்கும். பாத்திரமும் அங்கேயே இருக்கும்.

உறவுக்காரர் வீட்டு விசேஷத்தில் பாவம், இவர்கள் படும் பாடு தனி.

"நம்ம வீட்டுலயே ஆள் இருக்கே. எந்த ஷேர் வாங்கலாம், சொல்லேன்."

"அதை யாராலயும் சொல்ல முடியாது பெரியப்பா."

"அப்ப மூணு வருஷமா என்னத்தத்தான் சொல்லித் தர்றாங்க?"

"யாராலயும் சொல்ல முடியாதுங்கறதைத்தான்."

இது நகைச்சுவை அல்ல. பாடத்திட்டமே அதுதான். இந்த இனத்தின் மூலமந்திரம் ஒன்று உண்டு: சந்தைக்குத் தெரிந்ததெல்லாம் விலையிலேயே அடக்கம். விலை மலிவென்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. நல்ல சரக்கென்றால் இந்நேரம் யாராவது அள்ளிக்கொண்டு போயிருப்பார்கள். பங்குச் சந்தையில் இது ஓரளவு நிற்கும் என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். சரி, வாடகை வீட்டுக்கு?

அதற்குத்தான் என் அக்கா மகளிடம் வரவேண்டும். வீட்டில் அவளுக்கு ரிஸ்க் ராணி என்று பெயர். வைத்தவன் நான்தான், அவள் அதைப் பட்டமாகவே ஏற்றுக்கொண்டாள்.

அத்தானுக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. ஊரில் நின்றுபோன லிஃப்ட்டையெல்லாம் ஓடவைக்கிறவர், குடியிருப்பது லிஃப்ட்டே இல்லாத கட்டடத்தின் நாலாவது மாடியில். அக்கா மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்றபடியே வேலை பார்க்கிறாள். முழங்கால் தேய்ந்துவிட்டது. படியேறுவதைக் குறைக்காவிட்டால் அப்புறம் கத்திதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆகவே தரைத்தளத்தில் ஒரு வீடு வேண்டும். தேடும் பொறுப்பு, படித்த பிள்ளை என்று, ராணியிடம் வந்தது.

வீடும் கிடைத்தது. மருந்துக்கடைக்குப் பின்தெரு. வாசலில் ஒரே ஒரு படி. சமையலறையில் வெளிச்சம், குழாயில் தண்ணீர், எல்லாக் கதவும் ஒழுங்காகச் சாத்திக்கொள்ளும். வாடகையோ, அந்தத் தெருவில் மற்றவர்கள் கொடுப்பதைவிடக் குறைவு.

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? முன்பணம் கொடுத்துவிட்டுச் சாவிக்குக் கை நீட்டியிருப்பீர்கள். ராணி புருவத்தை உயர்த்தினாள். நானும் கூடப் போயிருந்தேன்.

"வாடகை ஏன் அங்கிள் கம்மியா இருக்கு?" என்றாள் வீட்டுக்காரரிடம். ஓய்வுபெற்ற கண் டாக்டர், சாதுவான மனிதர்.

"பூட்டியே கிடந்தா வீடு பாழாப் போயிடும்மா. நல்ல ஆளா வந்தாப் போதும்."

"மழை பெஞ்சா ஒழுகுமா?"

"மேல் மாடில நான்தான் இருக்கேன். ஒழுகினா முதல்ல நான்தான் நனையணும்."

"பக்கத்து வீட்டுல சத்தம்?"

"அவங்களுக்குள்ள பேச்சுவார்த்தையே கிடையாதும்மா."

"அப்ப நீங்க வேற எதையோ மறைக்கிறீங்க."

ஆயிரம் கண்களுக்குள் விளக்கடித்துப் பார்த்த மனிதர், முதல்முறையாகத் தன் கண்ணுக்குள் ஒருத்தி பார்ப்பதைக் கண்டு மிரண்டுபோனார்.

அன்று சாயங்காலம் வீட்டில் விவாதம்.

"நிஜமாவே நல்ல வீடுன்னா இந்நேரம் யாராவது எடுத்திருப்பாங்கப்பா."

"அந்த யாராவது நாமளா இருக்கக் கூடாதா?" என்றார் அத்தான்.

"நமக்குத் தெரிஞ்சது மத்தவங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? நாம என்ன அவ்ளோ ஸ்பெஷலா?"

"எனக்கு முட்டி ஸ்பெஷலா வலிக்குதுடி," என்றாள் அக்கா.

ராணி ஒரு வாரம் அவகாசம் கேட்டாள். அந்த வாரம் முழுக்க ஆராய்ச்சி. பக்கத்துக் கட்டடங்களின் வாடகையைச் சேகரித்து, சராசரி எடுத்து, இந்த வீடு சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்று வரைபடம் போட்டாள். அழகான வரைபடம், மூன்று வண்ணம். அதைப் பார்க்க அக்கா தினமும் நாலு மாடி ஏறி வந்தாள், ஒவ்வொரு திருப்பத்திலும் கைப்பிடியைப் பிடித்து நின்று நின்று.

கடைசியில் ராணிக்கே மனம் இளகியது. ரிஸ்க் ஏற்கத்தக்க அளவில்தான் இருக்கிறது என்று தீர்ப்பாகி, அக்காவையும் என்னையும் கூட்டிக்கொண்டு போய் அந்தக் கதவைத் தட்டினாள். திறந்தவர் கண் டாக்டர் அல்லர். பழைய பனியனும், கையில் சுத்தியலும், வாயில் இரண்டு ஆணியுமாக நின்றார் ஒருவர். ராணி விறைத்துப்போனாள்.

"சார்?"

அவளுடைய பேராசிரியர். அந்த மூலமந்திரத்தை அவளுக்கு உபதேசித்தவரே அவர்தான். மூன்று நாள் முன்பு குடிவந்துவிட்டாராம். ஆணியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "வாம்மா, உள்ள வா. வீடு எப்படி?" என்றார்.

"சார், வாடகை இவ்ளோ கம்மியா இருந்துச்சே, உங்களுக்குச் சந்தேகமே வரலையா?"

"வராம இருக்குமா? எங்க வேற யாராவது எடுத்துடப் போறாங்களோன்னு ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல."

திரும்பும் வழியில் ராணி அழுவாள் என்று எதிர்பார்த்தேன். இந்த இனத்தைப் பற்றி எனக்கு இன்னும் சரியாகத் தெரியவில்லை. வீட்டுப் படிக்கட்டில், இரண்டாவது மாடித் திருப்பத்தில் அக்கா மூச்சு வாங்க நின்றபோது, இவள் முகத்தில் ஒரு ஒளி.

"பாத்தியாம்மா, நல்ல வீடு சந்தையில நிக்கவே நிக்காதுன்னு நான் சொன்னேன்ல? தியரி சரிதான்."

அக்கா அவளை ஒரு பார்வை பார்த்தாள். "சரிதாண்டி. அடுத்த வீடு வந்தா எங்கிட்ட மட்டும் சொல்லு. தியரிகிட்ட சொல்லிடாத." அப்புறம் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மிச்சம் இருந்த மாடிகளைப் பார்த்தாள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. நமக்கெல்லாம் இந்தப் படிப்பு வாசனையே கிடையாது என்ற தைரியத்தில் சிரிக்கிறீர்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். போன வாரம் பாதி விலைக்குக் கிடைத்த சட்டையை உள்ளும் புறமும் திருப்பிக் கிழிசல் தேடியது யார்? கூட்டமே இல்லாமல் வந்த பஸ்ஸை, 'காலியாக வருகிறதே, ஏதோ இருக்கிறது' என்று விட்டுவிட்டு அடுத்ததில் தொங்கிக்கொண்டு போனது யார்? உங்களிடம் ஒருவர் காரணமில்லாமல் அன்பாகப் பேசினால், இவருக்கு நம்மிடம் என்ன ஆகவேண்டியிருக்கிறது என்று வீடு வரும்வரை கணக்குப் போட்டது யார்?

ஆகவே, கல்லூரி வாசலை மிதிக்காத உங்களுக்கும் நிதிப் பொருளியலில் ஒரு பட்டம் தருவதென்று முடிவு செய்திருக்கிறேன். கட்டணம் இல்லை, தேர்வும் இல்லை.

'ஏன் சும்மா தருகிறான்?' என்று நினைத்தீர்கள், இல்லையா?

முதல் வகுப்பில் தேறிவிட்டீர்கள்.